மொட்டு வைக்காத நிலவேம்பு

ஏழுமலைக்கு, பழவேற்காட்டு ஏரிக்கரையிலிருந்து உன் நைனா சொல்லி எழுதுவது. நானும் உன் அம்மாவும் உயிரோடு இருக்கிறோம். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். தூரத்தில் இருக்கிறவன் வீட்டுக் கடிதத்தைப் பிரித்ததும் கண் முதலில் தேடுவது அதைத்தான். தேடிக்கொண்டு நீ கடைசி வரைக்கும் ஓட வேண்டாம். நிதானமாகப் படி.

நான் சொல்லச் சொல்ல ஒல்லாந்துக்காரர் கோட்டைத் துபாஷி எழுதுகிறார். நீ கோட்டைக்கு நிலவேம்புக் கட்டு சுமந்துகொண்டு போன நாட்களில் உனக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தாரே, அவரேதான். கிடங்கில் துணி மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறோம். உன் அம்மா என் பக்கத்தில் இருக்கிறாள். தை பிறந்து கடல் அடங்கிவிட்டது. வெளியே ஒரு கப்பல் நங்கூரம் போட்டு நிற்கிறது. இலங்கைக்குப் போகிறதாம். அங்கிருந்து ஒல்லாந்துக்குப் போகிற கப்பலில் இந்தக் கடிதத்தை மாற்றிவிடுவார்களாம். மூட்டை எல்லாம் ஏறியதும் கடிதப் பையும் போய்விடும், சீக்கிரம் சொல்லுங்கள் என்கிறார் துபாஷி. எனக்கு எதையும் சீக்கிரமாகச் சொல்லத் தெரியாது. உனக்கும் அது தெரியும்.

நீ கிளம்பிய காலையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். நம் வீட்டுப் பின்பக்கம் இருந்த நாற்றுகளை மண்ணோடு எடுத்து, மரப்பெட்டிகளில் வைத்து, ஈரச் சாக்குப் போட்டு, ஒவ்வொரு பெட்டியாக நீயே படகில் ஏற்றினாய். வேறு யாரையும் தொட விடவில்லை. கோட்டை வைத்தியர் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். நல்ல மனுஷர். கோட்டைச் சிப்பாய்கள் முறைக்காய்ச்சலில் நடுங்கிக் கிடந்தபோது நம் நிலவேம்புதான் அவர்களை எழுப்பி உட்கார வைத்தது என்று அவரே நம் வாசலுக்கு வந்து சொன்னார். தன் ஊரும் நம் ஊர் மாதிரி தண்ணீருக்குள் நிற்கிற ஊர்தான், வாய்க்கால் ஓரத்து ஜனங்கள் வருஷா வருஷம் இதே மாதிரி நடுங்கிச் சாகிறார்கள் என்றார். காய்ந்த கட்டு போதாது, உயிருள்ள செடி வேண்டும், அதைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஆளும் வேண்டும் என்றார். அதற்குமேல் அவர் கேட்கக்கூட இல்லை. நீயே முன்னால் வந்து நின்றாய்.

"அந்த மண்ணுல இது பூத்து, காய்ச்சி, அந்த வெத மொளைக்கிற வரைக்கும் நான் இருக்கேன். மொளைச்சதும் அடுத்த கப்பல்ல வந்துடறேன்"னு அவரிடம் நீ சொன்னதைத் துபாஷி அவர் பாஷையில் சொன்னார். வைத்தியர் உன் கையைப் பிடித்துக் குலுக்கினார். உன் அம்மா மட்டும் என்னைப் பார்த்து, "இன்னாயா, இது போய்ட்டு வர்ற ஊரா?"னு கேட்டாள். நான் அவளைச் சமாதானப்படுத்தினேன். நிலவேம்பு ஒரு மழைக்காலத்துச் செடிதானே. ஆடியில் விதைத்தால் ஐப்பசியில் மொட்டு, கார்த்திகையில் பூ, தையில் விதை. அங்கே போய்ச் சேர ஒரு வருஷம், செடி காய்க்க ஒரு வருஷம், திரும்பி வர ஒரு வருஷம். அவ்வளவுதான் என்று நானும் நம்பினேன். எந்த ஊரானாலும் செடி செடிதானே என்றுதான் எனக்குத் தோன்றியது.

முதலில் வந்த உன் கடிதத்தைத் துபாஷி எனக்கு எத்தனையோ தடவை படித்துக் காட்டினார், அவருக்கே சலித்துவிட்டது. செடி பிழைத்துக்கொண்டது, கண்ணாடி வீட்டுக்குள் வைத்து வளர்க்கிறோம், என் இடுப்புக்கு மேல் நிற்கிறது, இலை ஒவ்வொன்றும் நம் ஊர் இலையைப் போல இரண்டு பங்கு என்று எழுதியிருந்தாய். அது வரைக்கும் படித்தபோது உன் அம்மா சிரித்தாள். அடுத்த வரியில், ஆனால் மொட்டு வைக்கவில்லை நைனா, மென்று பார்த்தால் கசப்பு நாக்கில் நிற்கவே இல்லை, புல் மாதிரி இருக்கிறது என்று எழுதியிருந்தாய். அப்புறம் ஐப்பசி வாக்கில் நுனியில் மொட்டு போலக் கொஞ்சம் தெரிந்தது, அதற்குள் குளிர் வந்துவிட்டது, உள்ளே நெருப்புப் போட்டும் ஒரே ராத்திரியில் எல்லாம் கறுத்துவிட்டது என்று முடித்திருந்தாய்.

நான் விதை அனுப்பினேன். மீனை மக்க வைத்து வேரில் போடு, தண்ணீரைக் குறை என்று சொல்லி அனுப்பினேன். தெரிந்ததைத்தானே சொல்ல முடியும். அடுத்த கடிதத்திலும் அதே சேதி. செடி இன்னும் உயரமாக நிற்கிறது, மொட்டு இல்லை, மொட்டு வரும்போது குளிரும் வருகிறது. அதற்கு அடுத்த கடிதம் ரொம்பச் சின்னது. இந்த வருஷமும் இல்லை நைனா, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று மட்டும் இருந்தது. துபாஷி படித்து முடித்துவிட்டு, கடிதத்தின் பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. உன் அம்மா எழுந்து போய்விட்டாள்.

காய்ந்த நிலவேம்புக் கட்டும் ஒவ்வொரு தடவையும் சேர்த்துத்தான் அனுப்பினேன். உனக்கு ஒன்றாவது வந்து சேர்ந்ததா? சேர்ந்திருக்காது. முதல் கட்டைக் கொண்டுபோன கப்பலில் பாதி ஆட்களுக்குக் காய்ச்சல் கண்டுவிட்டதாம். பெட்டியை உடைத்துக் காய்ச்சிக் குடித்துவிட்டார்கள் என்று பிறகு சேதி வந்தது. இரண்டாவது கட்டும் அப்படியேதான் போயிருக்கும். கேட்டபோது எனக்குக் கோபம்தான் வந்தது. கடற்கரையில் நின்று கத்தினேன். உன் அம்மாதான், "வுடுய்யா. அவுங்களையும் யாரோ பெத்துட்டு வழி பாத்துகினு உக்காந்திருப்பாங்க"ன்னு என்னை இழுத்துக்கொண்டு வந்தாள். அதற்குப் பிறகு எனக்குக் கோபம் இல்லை. ஆனால் உன் கைக்கு எட்டும்படி எதையும் அனுப்ப என்னால் முடியாது என்பது அன்றைக்குத் தெரிந்துபோயிற்று. வலையில் மீன் இல்லையென்றால் இடம் மாற்றிப் போடலாம். இதில் எதை மாற்றுவது என்றே தெரியவில்லை.

இப்போது போன மழைக்காலத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கடிதம். கோட்டை மதிலைப் பூசுவதற்குச் சுண்ணாம்பு நிறைய வேண்டும் என்று, நம் வீட்டுக்குத் தெற்கே, ஒரு கூப்பிடு தூரம்கூட இல்லை, கிளிஞ்சல் சுடுகிற காளவாய் ஒன்று கட்டினார்கள். நம் ஜனங்கள் ஏரியில் கிளிஞ்சல் வாரிக் கொடுத்தோம். ஆவணியில் பற்றவைத்த நெருப்பு கார்த்திகை வரைக்கும் அணையவே இல்லை. மழை நாளில்கூட மேலே கொட்டகை போட்டு எரித்தார்கள். இருட்டியதும் நம் வீட்டுத் தெற்குச் சுவர் முழுக்கச் சிவந்துபோய் நிற்கும். அந்தப் பக்கம் விளக்கே ஏற்ற வேண்டியதில்லை.

நிலவேம்பை வீட்டைச் சுற்றித்தான் போட்டிருந்தோம். ஒரே விதை, ஒரே நாளில் தூவியது, தண்ணீர் ஊற்றியதும் நான் ஒருவன்தான். வடக்குப் பக்கம், ஏரியைப் பார்த்து இருந்த செடிகள் வழக்கம் போல ஐப்பசியில் மொட்டு வைத்தன. தெற்கே, காளவாயைப் பார்த்து நின்ற செடிகள் தளதளவென்று வளர்ந்தன. ஒரு மொட்டுக்கூட இல்லை. காளவாய்ச் சாம்பல் இலையில் படிகிறது, அதனால்தான் என்று நினைத்தேன். கோட்டையில் கட்டு வாங்குகிறவரும் இலையில் சாம்பல் இருக்கிறது என்று முகம் சுளித்தார். அதற்காக உன் அம்மா மீன் கூடைகளுக்குச் சாணி மெழுகி ஓட்டையை அடைத்து, தெற்குப் பக்கத்தில் ஒரே ஒரு வரிசைக்கு மட்டும் சாயங்காலமானால் கவிழ்த்து வைப்பாள். காலையில் வெயில் வந்ததும் எடுத்துவிடுவாள். அவ்வளவு கூடைதான் இருந்தது. மீதிச் செடிகளை நான் தினமும் தண்ணீர் தெளித்துக் கழுவிவிட்டேன்.

கார்த்திகையில் உன் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் நடுக்கம். நான் கைக்கு எட்டிய தெற்குச் செடியைப் பறித்துக் காய்ச்சிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இன்னாத்தக் காச்சிக் குடுத்த?"

"நெலவேம்புதான்."

"இது நெலவேம்பா? கசக்கவே இல்லியே."

நானும் குடித்துப் பார்த்தேன். கசந்தது, ஆனால் ஏதோ பேருக்குக் கசந்தது. மூன்று நாள் கொடுத்தும் நடுக்கம் நிற்கவில்லை. உன் சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் நான் உன் மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றுவேன், நீ என் முகத்திலேயே துப்புவாய், அம்மா கருப்பட்டியை வைத்துக்கொண்டு பின்னால் நிற்பாள். அந்தக் கசப்பு ஒருநாள் முழுக்க உன் தொண்டையை விட்டுப் போகாது. அந்தக் கசப்பு இதில் இல்லை. பிறகு உன் அம்மா மூடி வைத்திருந்த வரிசையில் போய்ப் பறித்தேன். அப்போதுதான் கவனித்தேன், அந்த வரிசை முழுக்க மொட்டு. அதே தெற்குப் பக்கம், அதே மண். அதைக் காய்ச்சிக் கொடுத்ததும் அவள் தலையை உதறிக்கொண்டு என்னைத் திட்டினாள். எனக்கு அந்தத் திட்டு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. நாலைந்து நாளில் எழுந்து உலை வைத்தாள்.

அப்போதும் எனக்கு ஒன்றும் புரியவில்லை என்பதுதான் உண்மை. சாம்பல்தான் காரணம் என்று அவள் சொன்னாள். நான் தினமும் கழுவிய செடி ஏன் மொட்டு வைக்கவில்லை என்று கேட்டேன். "நீ கழுவுன லட்சணம் தெரியாதா?"ன்னு சொல்லிவிட்டாள். அதோடு விட்டுவிட்டோம்.

மார்கழிக் கடைசியில் காதர் வந்தார். நம் ஊர்க்காரர்தான், கப்பலில் சமையல் வேலைக்குப் போய் வெகுகாலம் ஆனவர். உனக்கு அவரை அங்கே போய்த்தான் தெரியும் என்று சொன்னார். கப்பல் நாகப்பட்டினத்தில் இறக்கிவிட, அங்கிருந்து கரையோரமாகவே நடந்து ஊர் வந்து சேர்ந்தார். இனிமேல் கடலுக்குப் போகிற உடம்பு இல்லை அவருக்கு. வீட்டுக்குப் போய்க் குளித்துச் சாப்பிட்டதும் நேரே நம் வீட்டுக்கு வந்துவிட்டார். உன் அம்மா அவருக்கு மோர் கொடுத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"உங்க புள்ள ஆளு ரொம்ப எளைச்சிட்டான்மா" என்றுதான் ஆரம்பித்தார். "அந்த வைத்தியரு செத்துப்போயி ரெண்டு குளிர்காலம் ஆவுது. தோட்டத்த வித்துட்டாங்க. வாங்குனவன் கண்ணாடி வூட்டுல இன்னாத்தையோ பழச்செடி வெச்சிட்டான்."

நான் கேட்டேன். "அப்போ எம்புள்ளைய யாரு புடிச்சி வெச்சிகினு கீறாங்க?"

"யாரும் புடிச்சி வெச்சிக்கல. காய்ச்சல்தான் புடிச்சி வெச்சிகினு கீது. நடுங்குறவன கப்பல்ல ஏத்த மாட்டாங்கய்யா. ஒருத்தன் வந்தா கப்பலே படுத்துடும்னு பயம். ரெண்டு தபா தொறைக்கு வந்து நின்னான். ரெண்டு தபாவும் மொகத்தப் பாத்தே திருப்பி அனுப்பிட்டாங்க."

பீப்பாய் செய்கிறவன் கடைக்கு மேலே சின்ன அறையில் இருக்கிறாய், பகலில் அவனிடம் வேலை செய்கிறாய், தோட்டம் கைமாறியபோது நான்கைந்து நிலவேம்புத் தொட்டியை மட்டும் தூக்கிக்கொண்டு வந்து ஜன்னலில் வைத்திருக்கிறாய், காய்ச்சல் வந்தால் அதைத்தான் பறித்துக் குடிக்கிறாய், அது கேட்பதில்லை என்று காதர் ஒவ்வொன்றாகச் சொன்னார். கடைசியாக, ஏதோ வேடிக்கை சொல்வது போலத்தான் சொன்னார். "அந்த ஊருல வெயில் காலத்துல ராத்திரியே கெடையாதும்மா. சாப்ட்டுட்டு படுக்கப் போறேன், ஜன்னல்ல வெயிலு. தூங்கி கொஞ்ச நேரத்துல முழிக்கிறேன், அப்பவும் வெளுத்துகினு கீது. இருட்டுன்றது சும்மா வந்து எட்டிப் பாத்துட்டுப் போவுது. குளிர் காலத்துல அதுக்கு நேர் மாறு. அடுப்ப மூட்டுறப்பவும் இருட்டு, வேலைய வுட்டு வர்றப்பவும் இருட்டு."

"வெயில்ல எப்பிடி தூங்குவான் எம்புள்ள?"ன்னு உன் அம்மா கேட்டாள்.

நான் எழுந்து வீட்டுக்குத் தெற்கே போய் நின்றேன். காளவாய் அணைந்து பல நாள் ஆகியிருந்தது. அது அணைந்தபிறகு, அதுவரைக்கும் மொட்டே வைக்காத செடிகள், மார்கழியில், காலம் தப்பி, நுனியில் மொட்டு விட்டிருந்தன. ஏழுமலை, குனிந்து அந்த மொட்டுகளைத் தொட்டுப் பார்த்தேன். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். விதையிலும் குறை இல்லை, மண்ணிலும் குறை இல்லை, உன் கையிலும் குறை இல்லை. இந்தச் செடி ராத்திரிக்குக் காத்திருக்கிறது. ஐப்பசியில் பகல் சுருங்கி இருட்டு நீளும்போதுதான் அது வளர்வதை நிறுத்திவிட்டு மொட்டுக்குத் தயாராகிறது. அப்போதுதான் கசப்பும் இலையில் இறங்குகிறது. காளவாய் வெளிச்சம் அதற்கு ராத்திரியே வராமல் செய்துவிட்டது. நீ இருக்கிற ஊரில் சூரியனே அதைச் செய்கிறது. நம் ஐப்பசி அளவுக்கு அங்கே இருட்டு நீளும்போது குளிர் வந்து செடியைக் கொன்றுவிடுகிறது. எத்தனை வருஷம் நீ காத்திருந்தாலும் இரண்டும் ஒன்றாகத்தான் வரும்.

இது சரிதானா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. உன் அம்மா இன்னும் சாம்பல் என்றுதான் சொல்கிறாள். துபாஷி எழுதுவதை நிறுத்திவிட்டு, செடிக்கு ராத்திரி பகல் எப்படித் தெரியும் என்று என்னையே கேட்கிறார். எனக்கும் தெரியாது. நான் பார்த்ததை உனக்குச் சொல்கிறேன். நான் பார்த்தது பொய்யாக இருந்தாலும் உனக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை.

நீ செய்ய வேண்டியது இது. வெயில் காலத்தில், குளிருக்கு ரொம்ப முன்னாலேயே, செடி முழங்கால் உயரம் வந்ததும் ஆரம்பி. சாயங்காலம் நம் ஊரில் விளக்கு வைக்கிற நேரம் எதுவோ, அங்கே வெயில் இருந்தாலும் அந்த நேரத்துக்கு ஒரு பழைய பீப்பாயைச் செடி மேல் கவிழ்த்துவிடு. நீ இருக்கிற இடத்தில் பீப்பாய்க்குப் பஞ்சம் இருக்காது. இடுக்கில் வெளிச்சம் போகாமல் துணியை அடை. காலையில் ஊர் எழுந்து வேலைக்குப் போகிற நேரத்துக்கு எடு. நடுவில் பார்க்கிறேன் என்று விளக்கைக் கொண்டுபோய்த் திறக்காதே. ஒருநாள்கூட விடாதே. மொட்டுத் தெரிகிற வரைக்கும் மூடு. நுனியில் மொட்டுத் தெரிந்ததும் ஒரு இலையை மென்று பார். முகம் கோணினால் வேரோடு பிடுங்கி நிழலில் உலர்த்திக் காய்ச்சு. விதைக்கு என்று விட்டு வைக்காதே. விதை எனக்கு வேண்டாம். எல்லாவற்றையும் நீ குடி.

இந்தக் கப்பல் நல்லபடியாகப் போனால் ஆடி ஆவணி வாக்கில் கடிதம் உன்னிடம் வரும் என்கிறார்கள். அப்போது அங்கே பெரிய பகல் போகத் தொடங்கியிருக்கும், ஆனாலும் குளிருக்குக் கொஞ்ச நாள் இருக்கும் என்று காதர் சொல்கிறார். ஆவணிக்குள் வந்துவிட்டால் படித்த அன்றைக்கே மூடிவிடு. பிந்திவிட்டால் இன்னும் ஒரு குளிர்காலத்தை நீ நடுங்கிக்கொண்டுதான் தாண்ட வேண்டும். தெரிந்துகொண்டது மார்கழிக் கடைசியில். அது உன் காதில் விழ ஆடி ஆகும். நடுவில் நான் படகை எடுத்துக்கொண்டு ஏரியில் சுற்றுவதைத் தவிர வேறு என்ன செய்ய முடியும்? பக்கத்து ஊரில் இருந்தால் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து நானே கவிழ்த்திருப்பேன்.

இன்னொன்று சொல்ல வேண்டும். சொன்ன வார்த்தையைக் காப்பாற்றாமல் எப்படி ஊருக்குத் திரும்புவது என்று நீ தோட்டத்தைக் கட்டிக்கொண்டு கிடந்திருப்பாய். என் பிள்ளை அப்படித்தான் நினைப்பான். வைத்தியர் போய்விட்டார். அவர் இருந்திருந்தாலும் பகலைக் குறைக்கும்படி உன்னிடம் கேட்டிருக்கமாட்டார். செய்கிற வேலைக்கு வார்த்தை கொடுக்கலாம். சூரியனுக்கும் சேர்த்து வார்த்தை கொடுக்க யாராலும் முடியாது. இனிமேல் எங்கே இருந்தாலும், எவ்வளவு நல்ல மனுஷர் கேட்டாலும், உன் கையில் இருக்கிற அளவுக்கு மட்டும் ஒப்புக்கொள். மீதிக்கு, பார்க்கலாம் என்று சொல். அப்படிச் சொல்வதில் ஒரு கேவலமும் இல்லை. வெறுங்கையோடு வந்தாலும் நம் ஏரியில் உனக்கு ஒரு படகு நிற்கும். என் கை இப்போது வலையை முழுசாக இழுப்பதில்லை, பாதி இழுத்து மூச்சு வாங்க நிற்கிறேன். அந்த மீதிப் பாதிக்கு வா.

இந்தத் தடவை நிலவேம்பை இரண்டு கட்டாகக் கட்டியிருக்கிறேன். இரண்டுமே மொட்டு வைத்த செடி. ஒன்றை இந்தக் கப்பலின் சமையல்காரரிடம் கொடுத்து, யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் இதைக் காய்ச்சிக் கொடுங்கள், தாராளமாகக் கொடுங்கள், இலங்கையில் கப்பல் மாறும்போது மீதியை அந்தக் கப்பல் சமையல்காரரிடம் கொடுத்துவிடுங்கள் என்று துபாஷியை விட்டுச் சொல்லச் சொன்னேன். இன்னொன்று உன் பெயர் போட்ட பெட்டியில் இருக்கிறது. முதல் கட்டு பெரியது. அது தீர்வதற்குள் அவர்கள் கரையைப் பார்த்துவிட வேண்டும். சமையல்காரர் தலையை ஆட்டினார். அவர் தலையாட்டியதை நம்புவதைத் தவிர எனக்கு வழியில்லை. கட்டு வந்து சேர்ந்தால் முதலில் அதைக் குடித்து உடம்பைத் தேற்றிக்கொண்டு துறைக்குப் போ. நடுக்கம் விட்ட முகத்தோடு போய் நில். செடிக்காகக் காத்திருக்காதே.

கடைசி மூட்டையைத் தூக்கிவிட்டார்கள். துபாஷி முடிக்கச் சொல்கிறார். உன் அம்மா பக்கம் திரும்பினேன். நீ ஏதாவது சொல் என்று நான்தான் கேட்டேன். அவள் என்னிடம் சொல்லாமல், துபாஷியைப் பார்த்துச் சொன்னாள். அதை மாற்றாமல் அப்படியே எழுதச் சொல்லியிருக்கிறேன்.

"சாய்ங்காலம் செடிய மூடுனதும் நீயும் வெளிய நிக்காத கண்ணு. வெளிச்சம் கீதுன்னு நின்னுகினு இருக்காத. ஜன்னல சாத்திட்டு, தலையோட போத்திகினு படுத்துக்கோ. உனுக்கும் ராத்திரி வேணும்."